உருட்டாத கம்பி

கண்ணு, சித்த அக்கட்டால நகந்து உக்காந்துக்கங்க. இந்தப் பை என்ற மடியிலதான் இருக்கோணும். மேல வைங்கன்னு கண்டக்டர் ஒருக்கா சொல்லிட்டாரு. இன்னொருக்காவும் சொல்லுவாரு, நான் கேக்க மாட்டேன். உள்ள தண்ணி இருக்குதுங்க. சாஞ்சா உங்க சுடிதாரும் நனையும், என்ற சீலையும் நனையும்.

ஆமாங்க, கனந்தான். உள்ள பூரா இரும்புக் குண்டு, கனமில்லாம இருக்குமா? நீங்க ஒண்ணும் பயந்துக்காதீங்க, கடுகு சைசு மொளகு சைசுல இருக்கற குண்டு. இது நகை உருட்டற மெஷினு. இங்கிலீசுல இதுக்கு டம்ளர்னு பேராமா. மேகலா சொன்னா. எனக்குத் தெரிஞ்ச டம்ளரு தண்ணி குடிக்கறதுதான். நான் உருட்டு மெஷின்னுதான் சொல்லுவேன்.

மேகலாவா? எங்கூட்டுக்காரரோட தம்பி சம்சாரம். அவ பேச்சையே இன்னைக்கு எடுக்கக் கூடாதுன்னுதான் பஸ்ஸேறினேன். டிக்கெட்டு வாங்கறதுக்குள்ள எடுத்துட்டேன் பாருங்க. சரி, வெள்ளக்கோயில் வர்ற வரைக்கும் பழம பேசிட்டே போலாம். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, நான் பண்ணினது தப்பா ரைட்டான்னு. தப்புன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன், அது வேற.

காங்கேயத்துல கல்லு கெடைக்கறது உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. எங்க பக்கத்துல காட்ட உழுதாக் கூடக் கல்லு தட்டுப்படும். செவ்வந்திக்கல்லு, நிலாக்கல்லு, பூனைக்கண்ணுன்னு என்னென்னமோ இருக்குது. பட்டறையில அறுத்து மினுக்கிக் குடுப்பாங்க. மேகலா என்ன பண்ணுவா, அந்தக் கல்லுல ஓட்டை போட மாட்டா, பசை வெக்க மாட்டா. கம்பியச் சுத்திச் சுத்தியே கல்லப் புடிச்சு நிறுத்திருவா. அதுல டாலரு, தோடு, நெத்திச்சுட்டி எல்லாம் வரும். பாக்க அழகாத்தான் இருக்கும், அத நான் இல்லைன்னு சொல்லல.

ஆனா ஒண்ணு கேளுங்க. வெள்ளிக்கம்பி சுத்தறப்ப நூலாட்ட மெத்துனு இருக்கும். மெத்துனு இருந்தாத்தான் சுத்த முடியும். சுத்தி முடிச்சப்பறமும் மெத்துனே இருந்தா அது எப்புடிக் கல்லப் புடிச்சுட்டு நிக்கும்? துணியில மாட்டினாப் பிரியும். கொழந்தை இழுத்தாப் பிரியும். அங்கதானுங்க நான் வர்றேன். இந்த டிரம்முக்குள்ள குண்டப் போட்டு, குண்டு முங்கற அளவு தண்ணி ஊத்தி, பாத்திரம் கழுவற சோப்பு ஒரு சொட்டு விட்டு, நகையப் போட்டு மூடி, ஓட விட்டுருவேன். நான் காப்பி வெச்சுக் குடிச்சு, சோறாக்கி, தொவைச்சுக் காயப் போடற வரைக்கும் அது பாட்டுக்கு உருண்டுட்டே கெடக்கும். ஒவ்வொரு குண்டும் கம்பிய ஒரு தட்டுத் தட்டும். சுத்தியால அடிக்கறதாட்ட இல்ல, செல்லமாத் தட்டறதாட்ட. எடுத்துப் பாத்தீங்கன்னா கம்பி விறைச்சிருக்கும், கண்ணு கூசற மாதிரி மின்னும். அப்பறம் சுத்துக்கு நடுவுல மாட்டியிருக்கற குண்ட ஊசி விட்டு ஒண்ணொண்ணா நான்தான் எடுக்கோணும்.

ஆக அவ சுத்தினா அது வெறும் கம்பி, நான் உருட்டினாத்தான் நகை. இத நான் சொல்லல, நியாயம் சொல்லுது.

மெஷினு யாருதுன்னா கேக்கறீங்க? வாங்கினது அவ. ஓட்டறது நானு. காரு ஓட்டத் தெரியாதவன் காரு வாங்கி வெச்சா அது காரா, சொல்லுங்க. எங்கூட்டுக்காரரு போனதுக்கப்பறம் தேங்கா ஒணத்தற களத்துக்கு வேலைக்குப் போலாம்னுதான் இருந்தேன். அப்பத்தான் இவ இந்த மெஷினத் தூக்கிட்டு வந்து எங்கூட்டுத் தாவாரத்துல வெச்சா. "அக்கா, களத்து வெயில்ல போயி நிக்காதீங்க, இதப் பாத்துக்கங்க"ன்னா. நல்ல எண்ணம்னு நெனச்சீங்களா? அவ பையன் அப்பக் கைக்கொழந்தை. மெஷினு சத்தத்துல தூங்க மாட்டான். அதுக்குத்தான் எங்கூட்டுல கொண்டாந்து தள்ளினா. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் செவுருதான், அங்கயும் சத்தம் கேக்கத்தான் கேக்கும். இருந்தாலும் அதுக்குத்தான் தள்ளினா.

எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லீங்க. நாலு பேரு முன்னால "இத நிக்க வெச்சது எங்கக்கா"ன்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை கூத்தும்.

போன வருசம் கோயமுத்தூர்ல ஒரு விழா. கைத்தொழில் பண்ற பொம்பளைங்களுக்கு விருது குடுத்தாங்க, மேகலாவுக்கும் ஒண்ணு. நானும் என்ற மக சிந்துஜாவும் போனோம். நல்ல சீலை கட்டிட்டு முன்வரிசையிலயே உக்காந்திருந்தேன். மேகலா கையில மைக்கக் குடுத்தாங்க. அவங்கப்பன் பட்டறையப் பத்திச் சொன்னா. கல்ல எப்புடிப் பாத்து வாங்கறதுன்னு சொன்னா. புருசனுக்கு நன்றி சொன்னா, மொதல் மொதல்ல தோடு வாங்கின டீச்சருக்கு நன்றி சொன்னா. கம்பிக்கடைக்காரருக்குக் கூட நன்றி சொன்னாளுங்க, கம்பிக்கடைக்காரருக்கு. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. விசுக்குனு எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். நேரா பஸ் ஸ்டாண்டுதான்.

பொழுதோட சிந்துஜா வந்து என்னைப் புடிச்சுச் சத்தம் போடறா. "அம்மா, சித்தி கடைசியா உன்ற பேரத்தான் சொல்லுச்சு. மேடைக்கு வாங்கக்கான்னு கூப்புட்டுச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, உன்ற சேரு காலியாக் கெடந்துச்சு"ங்கறா. நான் நம்பல. அவ சின்னதுல இருந்தே சித்தி கட்சி. அப்புடியே சொல்லியிருந்தாலும் கம்பிக்கடைக்காரருக்கப்பறமா சொல்றது? மொதல்ல சொல்லியிருந்தா நான் ஏனுங்க எந்திரிக்கப் போறேன்?

அந்தக் கேடயத்தையும் கொண்டாந்து எங்கூட்டு டிவி மேல வெச்சுட்டுப் போனா. "இது உங்க வீட்டுலதாங்கக்கா இருக்கோணும்"னு ஒரு பேச்சு வேற. தூசு தொடைக்க ஆளு வேணுமில்ல, அதுக்கு.

அன்னைக்கு முடிவு பண்ணினேன் கண்ணு. இவள நான் விடப் போறதில்லைன்னு. சண்டை போடலாம், ஆனா சண்டை போட்டா நாளைக்கு ரெண்டு பேரும் சமாதானம் ஆயிருவோம். ஊருல அதத்தான் எதிர்பார்ப்பாங்க. எனக்கு வேண்டியது அது இல்ல. அவ கையில பண்ணினது அவ கண்ணு முன்னால பிரியோணும். நாலு பேரு பாக்கோணும். அப்பத் தெரியும் உருட்டினவ யாருன்னு. சிரிச்ச மூஞ்சியோடவே காத்திட்டிருந்தேன். மொளகாப் பொடி அரைச்சாக் கூட அவளுக்கு ஒரு டப்பா குடுத்துட்டுத்தான் இருந்தேன்.

தையில ஒரு நாளு ஒரு செகப்புப் பொட்டியத் தூக்கிட்டு வந்தா. உள்ள செவ்வந்திக்கல்லு வெச்ச ஆரம், அதுக்குச் சேந்த தோடு. ஆரத்துக்கு நடுக்கல்லு பெருசு, கத்திரிப்பூ நெறம். அத்தனையும் வெள்ளிக்கம்பியில கொடி கொடியாச் சுத்தியிருந்தா. பாத்ததும் எனக்கே மூச்சு நின்னுருச்சு. யாருக்குன்னு கேட்டேன். "ஒரு பொண்ணுக்கு நிச்சயமுங்கக்கா. பாத்துப் பண்ணிக் குடுங்க"ன்னு சொல்லிப்போட்டு வாயப் பொத்திச் சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்பப் பாத்ததும் எரிஞ்சுது. பெரிய எடத்து ஆர்டரு புடிச்ச தெனாவெட்டுன்னு நெனச்சேன்.

சிந்துஜாவுக்கும் அதே மாசந்தான் நிச்சயம். ஆனா எனக்கு எப்புடித் தோணும், சொல்லுங்க. அவளுக்கு எங்கண்ணன் எடுத்துக் குடுத்த தங்கச் சங்கிலி பொட்டியில பத்திரமா இருந்துச்சு. ஒரு பொண்ணுன்னா யாரோ கோயமுத்தூர்க்காரின்னுதான் நெனச்சேன்.

நான் பண்ணினதச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. மெஷினுல குண்டப் போட்டேன், தண்ணி ஊத்தினேன், சோப்பு விட்டேன். நகைய மட்டும் போடல. மூடி ஓட விட்டுட்டேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் அவளுக்குச் சத்தம் கேக்கோணுமில்ல. வெறுங்குண்டு ஜம்முனு உருண்டுட்டுக் கெடந்துச்சு. நான் உள்ள உக்காந்து விபூதியத் தொட்டு ஆரத்தத் தேச்சேன். வெள்ளிக் குத்துவெளக்க அப்புடித்தான தேப்போம்? பளபளன்னு ஆயிருச்சு. உருட்டினதுக்கும் இதுக்கும் பாத்தா வித்தியாசம் தெரியாது. அமுக்கினாத்தான் தெரியும். நகத்துல அமுக்கிப் பாத்தேன், வெண்ணெயாட்ட உள்வாங்குச்சு. எனக்கு அன்னைக்கு வந்த சந்தோசம் என்ற கல்யாணத்துல கூட வந்ததில்லீங்க.

நெனச்சு நெனச்சுப் பாத்தேன். கோயமுத்தூரு மண்டபம், போட்டோ எடுக்கறவங்க, பட்டுச்சீலைக்காரங்க. யாரோ ஒருத்தி குனியறா, ஆரம் பிரியுது, யாரு பண்ணினதுன்னு கேக்கறாங்க, காங்கேயம் மேகலாங்கறாங்க. சோத்தப் பெசைஞ்சுட்டே சிரிச்சுட்டு இருந்திருக்கேன். ஏம்மா சிரிக்கறேன்னு சிந்துஜா கேட்டா. உன்ற கல்யாணத்த நெனச்சுத்தான்னு சொன்னேன்.

நிச்சயத்தன்னைக்கு மண்டபத்துல நான் தூணுகிட்ட நின்னுட்டேன். எங்கூட்டுக்காரரு இல்லாததால முன்னால நிக்கற சாங்கியமெல்லாம் மேகலாவும் அவ புருசனுந்தான் பண்ணினாங்க. "அக்கா, நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க, இந்தக் காலத்துல யாரு என்ன சொல்லப் போறாங்க"ன்னு அத்தனை சனத்துக்கு முன்னால கூப்புட்டா. நான் வரலைன்னுட்டேன். வர மாட்டேன்னு தெரிஞ்சுதான் கூப்புட்டிருப்பா. பெத்தவ தூணுகிட்ட, இவ மேடை மேல. அதையும் நெஞ்சுல வெச்சுக்கிட்டேன்.

சிந்துஜாவப் பட்டுச்சீலை கட்டிக் கூட்டியாந்து உக்கார வெச்சாங்க. மேகலா அவ பையத் தொறந்தா. செகப்புப் பொட்டி.

நான் துணி போட்டு மூடிக் குடுத்த அதே பொட்டி. தொறந்தா, ஆரத்த எடுத்தா, என்ற மக கழுத்துல மாட்டினா. காதுல என்னமோ சொன்னா. சிந்துஜா தலையத் தூக்கி என்னையத் தேடினா. தூணுகிட்டக் கண்டுபுடிச்சு, ஆரத்தத் தொட்டுக் காட்டிச் சிரிச்சா. அப்பறமா கேட்டேன், சித்தி என்ன சொல்லுச்சுன்னு. "உங்கம்மா உருட்டினது, தைரியமாப் போட்டுக்கோ"ன்னு சொல்லுச்சாமா.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு எனக்குத் தெரியுது. ஓடிப்போயிக் கழட்டியிருக்கோணும்ங்கறீங்க. என்னன்னு சொல்லிக் கழட்டறது? அத்தனை ஒறம்பரை, சொந்தபந்தம் உக்காந்திருக்குது, தாராபுரத்துல இருந்து சம்பந்தி வீட்டாரு மூணு வேன்ல வந்திருக்காங்க. அதுவுமில்லாம நான் மேடைப்பக்கம் போகக் கூடாது. பிரியோணும்னு எந்தச் சாமியக் கும்புட்டனோ, அதே சாமிகிட்டப் பிரியக் கூடாதுன்னு வேண்டிட்டு நின்னேன்.

எங்க பக்கத்துல உப்புத் தட்டும் சர்க்கரைத் தட்டும் ரெண்டு வீட்டாரும் கை மாத்தினாத்தான் நிச்சயம் உறுதி. மாப்பிள்ளையோட பெரியப்பா தட்ட வாங்கக் கைய நீட்டினாரு. சிந்துஜா குனிஞ்சு கும்புட்டா. முந்தானை நூலு கம்பியில மாட்டியிருக்கும் போல. நிமிந்தா. ஒரு சுத்து பிரிஞ்சுது, அடுத்த சுத்து பிரிஞ்சுது, நடுக்கல்லு நழுவி உப்புத் தட்டுல விழுந்து பாதி பொதைஞ்சு நின்னுச்சு.

பெரியப்பா நீட்டின கைய இழுத்துக்கிட்டாரு. "உப்புல விழுந்துருச்சே, நல்லதுக்கில்லையே"ன்னு பின்னால இருந்து ஒருத்தி சொன்னா. சம்பந்தியம்மா மூஞ்சி சுருங்கிப் போச்சு. என்ற மக என்னையப் பாக்கல. கல்லையே பாத்துட்டு உக்காந்திருந்தா, கண்ணுல தண்ணி.

மேகலா எப்பவும் பையில ஒரு சின்னக் குறடு வெச்சிருப்பா. கல்ல எடுத்துத் தொடைச்சா. பிரிஞ்ச கம்பிய நகத்துல அமுக்கிப் பாத்தா. அப்பறம் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாத்தா. சுத்து இடுக்குல வெள்ளை வெள்ளையா விபூதி. உருட்டின நகையில விபூதி எங்கிருந்துங்க வரும்? அவளுக்கு அந்த நிமிசமே தெரிஞ்சு போச்சு. தலையத் தூக்கி நேரா என்னையப் பாத்தா.

சொல்லப் போறான்னு நெனச்சேன். சொல்லட்டும்னு நெனச்சேன். சொன்னா நானும் நெஞ்சுல வெச்சிருந்தத அத்தனையும் கொட்டியிருப்பேன், கம்பிக்கடைக்காரருல இருந்து. வாயில வந்து நின்னுட்டு இருந்துச்சு.

அவ அந்த இடுக்கப் பாத்து ஊதினா. விபூதி போயிருச்சு. "என்ற தப்புங்க. அவசரத்துல ஒரு சுத்தக் கொறைச்சுப் போட்டுட்டேன். சாங்கியத்துக்கு ஒரு கொறையும் இல்லீங்க, திட்டறதுன்னா என்னையத் திட்டுங்க"ன்னா. சொல்லிப்போட்டு மேடையிலயே சம்மணம் போட்டு உக்காந்து, கம்பியச் சுத்திக் கல்ல மறுக்கா நிறுத்தினா. சம்பந்தியம்மாவே பக்கத்துல வந்து குனிஞ்சு வேடிக்கை பாத்தாங்க. எப்புடிச் சாமி இதெல்லாம் பழகினேன்னு கேட்டாங்க. எனக்கும் ஒரு தோடு பண்ணிக் குடுன்னாங்க. பெரியப்பா தட்ட வாங்கிட்டாரு. நிச்சயம் முடிஞ்சு போச்சு.

இதத்தானுங்க என்னால தாங்க முடியல. நான் பண்ணினத அவ எப்புடிங்க எடுத்துக்கலாம்? தேச்சது நானு, காத்திருந்தது நானு, சத்தம் கேக்க வெறுங்குண்ட உருட்டினது நானு. அத்தனையும் பண்ணி வெச்சா, ஒத்தை வார்த்தையில என்ற தப்புன்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிட்டா. விருதையும் அவளே வாங்கிக்கறா, பழியையும் அவளே வாங்கிக்கறா. எனக்குன்னு என்னதான் விட்டு வெப்பா? இப்ப ஊரெல்லாம் என்ன பேசறாங்க தெரியுமா, மேகலா மாதிரி ஒரு சித்தி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணுமாமா.

ஒரு வார்த்தை கேக்கட்டுமே. ஏங்கக்கா இப்புடிப் பண்ணினீங்கன்னு. வாசல்ல நின்னு கத்தட்டுமே. நான் தயாரா இருந்தேன், நெதமும் காத்திட்டிருந்தேன். கேக்க மாட்டீங்கறா. அதே மாதிரி வர்றா, அதே மாதிரி அக்காங்கறா, கொழம்பு வெச்சா ஒரு கிண்ணம் குடுக்கறா. அவ குடுக்கற கொழம்ப எப்புடித் திங்கறது? தின்னேன், வீணாக்கக் கூடாதில்ல. ஆனா எறங்கலீங்க.

நேத்து அந்தச் செகப்புப் பொட்டியத் திரும்பக் கொண்டாந்தா. அத்தனை சுத்தையும் பிரிச்சுப் புதுசாச் சுத்தியிருக்கா. "அக்கா, கல்யாணத்தன்னைக்கும் சிந்துஜா இதத்தான் போடுவாளாமா. உருட்டி வெச்சுருங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டா. வேற ஆளாயிருந்தா என்ற கையிலயே மறுக்கா குடுப்பாங்களா? நெஞ்சழுத்தம் பாருங்க.

சரி, என்ற மகளுக்குன்னு இன்னைக்கு வெடியால போட்டேன். இந்தத் தடவை நகையப் போட்டுத்தானுங்க ஓட்டினேன். ஒழுங்கா உருண்டுட்டு இருந்துச்சு. நான் மொருங்கைக்கீரை உருவிட்டு உக்காந்திருந்தேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் மேகலா போன்ல யாருகிட்டயோ பேசறா. சம்பந்தியம்மாகிட்ட. மெஷினு சத்தத்துக்கு மேல பேசோணும்னு கத்திப் பேசறா. "எங்கக்கா இப்பத்தாங்க உருட்டிட்டு இருக்காங்க. அவங்க கை பட்டாத்தான் எதுவும் நிக்கும். அன்னைக்கு அவங்ககிட்டக் குடுக்காம அவசரத்துல நானே கொண்டாந்துட்டேன், அதான் அப்புடி ஆயிப் போச்சு"ங்கறா.

கேட்டீங்களா? கேட்டீங்களா அந்த எகத்தாளத்த? எனக்குக் கையில இருந்த கீரை கீழ விழுந்துருச்சு. என்னையக் குத்திக் காட்டறதுக்குன்னே செவுத்தோரமா நின்னு பேசறா. எனக்குக் கேக்கும்னு தெரியாமயா பேசுவா?

என்ன கண்ணு, அப்புடிப் பாக்கறீங்க. நான் ஆசைப்பட்ட வார்த்தைதான்ங்கறீங்களா? அது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? அந்த வார்த்தைய அவ போன வருசம் சொல்லியிருக்கோணும், கோயமுத்தூர்ல, மொதல் ஆளா. இப்பச் சொன்னா என்ன அர்த்தம்? நான் பண்ணினதெல்லாம் அவளுக்குத் தெரியும், தெரிஞ்சும் சொல்றாங்கறதுதான் அர்த்தம். அதுக்கு அவ என்னைய நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

மெஷின நிறுத்தினேன். டிரம்மக் கழட்டினேன், மோட்டாரக் கழட்டினேன், இந்தப் பையில போட்டுட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். வெள்ளக்கோயில்ல எங்கண்ணன் வீட்டுப் பரண்ல போட்டுருவேன். கல்யாண மாசம், ஆர்டரு குமிஞ்சு கெடக்குது. இனி எப்புடி விறைக்க வெப்பான்னு பாக்கறேன். மெஷினு எங்கன்னு வந்து கேப்பா பாருங்க, அப்பக் கேக்கட்டும், கத்தட்டும். அன்னைக்குத்தான் எனக்குச் சோறு எறங்கும்.

நகையா? நகை உள்ளதான் இருக்குது. எடுக்க நேரமில்ல. ரோட்டு வேலை நடக்குதே, குழியில எறங்கி ஏறறப்பெல்லாம் சளக்கு சளக்குன்னு உள்ள உருளுது, கேக்குதுங்களா? அதுக்குத்தான் மேல வெக்கலைன்னேன். மேல வெச்சா ஒரே பக்கமா மோதும். கல்லு செதறிரும்.

அய்ய, என்ற போனு. கண்ணு, பக்கத்து ஜிப்புல இருக்குது, சித்த எடுத்துக் குடுங்க. ரெண்டு கையும் பையில இருக்குதில்ல. அவளேதான். பாத்தீங்களா, அதுக்குள்ள தெரிஞ்சு போச்சு. இப்பக் கேக்கப் போறா பாருங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நீங்களும் கேளுங்க, நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்க சாட்சி. ம், சொல்லு மேகலா.

"அக்கா, பெல்ட்ட ஆணியிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. அது இல்லாம எங்க கொண்டு போனாலும் மெஷினு ஓடாதுங்க. எந்த பஸ்ஸுன்னு கண்டக்டரக் கேட்டுச் சொல்லுங்க, பின்னால வர்ற பஸ்ஸு டிரைவருகிட்டக் குடுத்தனுப்பறேன். டிரம்முல சிந்துஜா ஆரம் இருக்குது, அழுக்குத் தண்ணியில ரொம்ப நேரம் விட்டுறாதீங்க, கறுத்துரும்."

வெச்சுட்டா.

டிரம்மையும் மோட்டாரையும் சேத்து ஓட்டற ரப்பர் பெல்ட்டுங்க. ஓட்டி முடிச்சதும் கழட்டி ஆணியில மாட்டிருவேன், மாட்டியே விட்டா இழுத்துப் போயிரும். இன்னைக்கும் கழட்டினேன், கைப்பழக்கம், ஆணியில மாட்டிட்டேன் போல. இத்தனை கோவத்துலயும் மாட்டியிருக்கேன் பாருங்க.

ஏன் எடுத்துட்டுப் போறீங்கன்னு கேட்டாளா? நீங்களே சொல்லுங்க, கேட்டாளா? எங்க போறீங்கன்னாவது? நான் மெஷினத் திருடிட்டுப் போறேன், இவ அதுக்குப் பெல்ட்டு குடுத்தனுப்பறாளாம். இவள என்ன பண்றதுன்னே எனக்குத் தெரீலீங்க கண்ணு.

இல்லீங்க, அழுகல. ரோட்டுத் தூசு. அந்த ஜன்னலச் சித்த எறக்கி விடுங்க.

அவ குடுத்தனுப்பி நான் வாங்கறதா? அது மட்டும் நடக்காது. நானே போயி ஆணியில இருந்து எடுத்துக்குவேன். கண்டக்டர், அந்த மில்லு ஸ்டாப்புல ஒரு ஆளு எறங்கோணும். வெள்ளக்கோயில் டிக்கெட்டுன்னா என்னங்க, எறங்கக் கூடாதா? எதுத்தாப்புல காங்கேயம் பஸ்ஸு வரும், ஏறிப் போயிருவேன். போயி, தண்ணிய மாத்தி, பெல்ட்ட மாட்டி, மிச்சத்த ஓட்டி முடிச்சுருவேன். என்ற மகளுக்காக. கல்யாணம் ஒண்ணு முடியட்டும், அப்பறம் பாருங்க அவள என்ன பண்றேன்னு. இத்தோட விட்டுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க.

இதச் சித்த உங்க மடியில வெச்சுக்கங்க, நான் மொதல்ல எறங்கிக்கறேன். அப்பறம் அந்தப் பைய எடுத்துக் குடுங்க. நேரா, கண்ணு, நேராப் புடிங்க. உள்ள இருக்கறது இன்னும் பாதிதான் விறைச்சிருக்குது.